ரேடியோ ஆபீசில் ஒரு நாவலாசிரியர்

2001 ஜனவரி. கோழிக்கோட்டுக்கு (நம்ம பழைய பாடப்புத்தகத்துக் கள்ளிக்கோட்டைதான்) மாற்றலாகி வந்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை ஆபீசுக்குப் போனால், மேஜைமேல் கிடந்த மலையாளப் பேப்பரின் முதல் பக்கத்தில் ஒரு பெரியவரின் படம். அப்போது எனக்கு மலையாளம் பேச அரைகுறையாக வரும், படிக்கச் சுத்தமாக வராது. யாரோ முன்னாள் மந்திரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"திக்கோடியன். ரேடியோவில் இருந்தவர்" என்றார்.

ரேடியோவில் இருந்தவருக்கு முதல் பக்கமா? நம்ம ஊரில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரம் முழுக்க அவர் எனக்கு வகுப்பு எடுத்தார். கடற்கரை ரோட்டில் இருக்கிற வானொலி நிலையம் இருக்கிறதே, நான் கடலை வாங்கித் தின்றுகொண்டே தினமும் கடந்து போகிற அதே கட்டடம், அதற்குள் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்களின் பட்டியலைச் சொன்னார். உறூப், திக்கோடியன், பி. பாஸ்கரன், கே. ராகவன், அக்கித்தம், என்.என். கக்காடு. எனக்கு இதில் பாஸ்கரன் பெயர் மட்டும் சினிமாப் பாட்டு மூலமாகத் தெரியும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமென்றால், தி. ஜானகிராமனும் கண்ணதாசனும் எம்.எஸ். விஸ்வநாதனும் இன்னும் இரண்டு பெரிய கவிஞர்களும் ஒரே ஆபீசின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். (தி.ஜா. நிஜமாகவே வானொலிக்காரர்தான். சென்னையிலும் பிறகு டெல்லியிலும் அங்கேதான் வேலை.) எல்லோரும் ஒரே சமயத்தில் இருக்கவில்லை. ஒருவர் வந்தார், ஒருவர் போனார். இருந்தாலும் ஒரே கூரைதான்.

இந்தக் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டவர் உறூப். அவருடைய பெயரே ஆபீஸ் விதி ஒன்றினால் வந்தது என்று கேள்விப்பட்டதுதான் முதல் காரணம். எங்கள் ஆபீசிலும் நடத்தை விதிகள் என்று ஒரு தடிப் புத்தகம் உண்டு. நான் எதையாவது கிறுக்க உட்காரும்போதெல்லாம் மனதின் மூலையில் அந்தப் புத்தகம் எட்டிப் பார்க்கும். ஆகவே சம்பளக்கார எழுத்தாளர்கள் என்றால் எனக்கு ஒரு தனிக் கரிசனம். :-)

அவருடைய சொந்தப் பெயர் பி.சி. குட்டிகிருஷ்ணன். 1915 ஜூன் 8 அன்று பொன்னானிக்குப் பக்கத்தில் பள்ளிப்புறம் என்ற கிராமத்தில் பிறந்தார். பொன்னானி கடலோர ஊர். பாரதப்புழை கடலில் போய்ச் சேருகிற இடம். மாப்பிளா முஸ்லிம்களின் பழைய கல்வி மையம், 'சின்ன மக்கா' என்றே சொல்வார்கள். பக்கத்திலேயே நாயர் தறவாடுகள், நம்பூதிரி இல்லங்கள். ஒரே கடைத்தெருவில் மூன்று விதமான மலையாளம் காதில் விழும். ஒரு கதைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த ஊரில் கிருஷ்ணப் பணிக்கர் வாசகசாலை என்று ஒன்று. அங்கே கூடிய கூட்டத்தின் நடுநாயகம் இடசேரி கோவிந்தன் நாயர். பின்னாளில் பெரிய கவிஞர் என்று பெயர் வாங்கியவர். பிழைப்புக்கு அவர் பார்த்தது வக்கீல் குமாஸ்தா வேலை. குட்டிகிருஷ்ணனும் முதலில் கவிதைதான் எழுதினார். பிறகு இடசேரியின் மனைவியின் தங்கையையே கல்யாணம் செய்துகொண்டார் (1948). சகலைகள் இருவரும் இலக்கியவாதிகளாக இருந்த வீட்டில் பெண்கள் பாடு என்னவாக இருந்திருக்கும் என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின கதைதான் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு முக்கியம். 1934 இல், பத்தொன்பது வயதில், வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். ஏறக்குறைய ஆறு வருஷம் தென்னிந்தியா முழுக்கச் சுற்றல். கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா, துணி ஆலை ஒன்றில் வேலை, இப்படி. போகிற வழியில் தமிழும் கன்னடமும் கற்றுக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். இன்றைய வரைபடத்தைப் பார்த்து 'கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போனார்' என்று எழுதிவிடுவோம். அன்றைக்கு மலபார் ஜில்லா, நீலகிரி ஜில்லா இரண்டும் ஒரே சென்னை ராஜதானிதான். அவருக்கு அது வேறு மாநிலம் இல்லை, பக்கத்து ஜில்லா. மொழி மாறும், தாசில்தார் ஆபீசின் முத்திரை மாறாது. சென்னையை ஆண்டவர்கள்தான் பொன்னானியையும் ஆண்டார்கள். 1956 நவம்பர் 1 வரை இதுதான் நிலைமை.

அந்த நீலகிரித் தோட்டத்து வாழ்க்கையின் நினைவில் எழுதிய கதைதான் 'ராச்சியம்மை'. தோட்டத்தில் பால் ஊற்றுகிற ஒரு கன்னடக்காரி. கறுப்பு, திடகாத்திரம், வாய்த்துடுக்கு, யாருக்கும் பயப்படாதவள். தோட்டத்துக்குக் கணக்கெழுத வருகிற மலையாளி இளைஞன் சொல்வதாகக் கதை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அதற்கு என்ன பெயர் என்று இருவருமே வாய் திறப்பதில்லை. அவன் ஊருக்குத் திரும்பிப் போகிறான், பல வருஷம் கழித்து வந்து பார்க்கிறான். அவ்வளவுதான் கதை. மிச்சத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

வேற்றூரில் பால்காரி, வீட்டுக்காரி, மெஸ் நடத்துகிறவர் என்று நம்மை அன்றாடம் தாங்கிப் பிடித்தவர்களை, மாற்றல் வந்ததும் நாம் எப்படி ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறோம்? அந்தக் கதையைப் படித்த ராத்திரி நான் முன்பிருந்த ஊர்களில் எனக்குச் சோறு போட்டவர்களின் பெயர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். இரண்டு பெயர் நினைவுக்கு வரவே இல்லை.

சரி, ரேடியோவுக்கு வருவோம்.

திரும்பி வந்தவர் கோழிக்கோட்டில் ஒரு அச்சகம், 'மங்களோதயம்' பத்திரிகை என்று கொஞ்ச காலம் ஓட்டினார். 1945 இல் 'நீர்ச்சாலுகள்' என்ற முதல் சிறுகதைத் தொகுதி, 1948 இல் 'ஆமினா' என்ற நாவல். பெயர் மெல்ல வெளியே தெரிய ஆரம்பித்த நேரத்தில், 1950 மே 14 அன்று கோழிக்கோட்டில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்பட்டது. அதே வருஷம் குட்டிகிருஷ்ணன் அங்கே சேர்ந்தார். 1975 இல் ஓய்வு பெறும்வரை, இருபத்தைந்து வருஷம், வானொலி உத்தியோகம்.

அந்த நிலையம் திறந்த வருஷத்தை ஒரு தடவை திரும்பப் பாருங்கள். அப்போதைய சென்னை மாகாணத்தில் சென்னை (1938), திருச்சி (1939), விஜயவாடா (1948) இந்த மூன்றில்தான் வானொலி நிலையம் இருந்தது. நாலாவதாக வந்தது கோழிக்கோடு. திருநெல்வேலிக்கு 1963 இல்தான் நிலையம் கிடைத்தது, கோயம்புத்தூருக்கு 1966 இல். மலையாளத்தை மட்டும் பேசுகிற ஒரு நிலையம் மலபாருக்கு முதலிலேயே வாய்த்துவிட்டது. திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானம் 1943 இல் தொடங்கிய நிலையத்தை 1950 ஏப்ரலில்தான் அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது. ஆக, ஆறே வாரத்துக்குள் மலையாளத்துக்கு வானொலியில் இரண்டு வாசல். மாநிலம் பிறக்க இன்னும் ஆறு வருஷம் பாக்கி. கேரளம் என்று ஒன்று வரைபடத்தில் வருவதற்கு முன்பே காற்றில் வந்துவிட்டது என்று நான் சொல்வதுண்டு. மலையாள நண்பர்களுக்கு இது மிகவும் பிடிக்கும், உடனே ஒரு சாயா வாங்கித் தருவார்கள்.

புதிதாகத் திறந்த நிலையத்துக்கு ஆள் வேண்டும். படித்த மலையாளம் பேசுகிறவர்கள் போதாது. நெல் அறுக்கிறவருக்கும் வலை இழுக்கிறவருக்கும் புரிகிற மாதிரி எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். ஏனென்றால் அன்றைக்கு ரேடியோவைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அதைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் இல்லை. லைசென்ஸ் எடுத்து, தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி, வீட்டில் ஒரு பெட்டி வைத்துக்கொள்வது வசதிக்காரர் சமாசாரம். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ. நம்ம ஊர் பஞ்சாயத்துப் பூங்காவில் கம்பத்தின் மேல் ஒலிபெருக்கி வைத்து சாயங்காலம் போடுவார்களே, நாற்பது ஐம்பது வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், அதே ஏற்பாடுதான்.

பேப்பரில் படிக்கிறவன் புரியவில்லை என்றால் முந்தின வரிக்குப் போவான். ரேடியோ கேட்கிறவனுக்கு முந்தின வரி கிடையாது. போனது போனதுதான். வாக்கியம் நீளமாகப் போனால் அவன் எழுந்து போய்விடுவான். யார் பேசுகிறார்கள் என்பதைப் பேச்சிலேயே காட்டியாக வேண்டும். 'என்று கோபத்துடன் சொன்னார் உண்ணி' என்று எழுதி ஒப்பேற்ற முடியாது. உறூபின் நாவல்களில் உரையாடலைப் படிக்கிறபோது எனக்கு இதுதான் தோன்றும். யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே வராது. உம்மா ஒரு மாதிரி பேசுவாள், நாயர் காரணவர் ஒரு மாதிரி, அதிகாரி ஒரு மாதிரி.

அதற்காக ரேடியோதான் உறூபை உருவாக்கியது என்று சொல்லிவிடக் கூடாது. காது பொன்னானிக் கடைத்தெருவில் உண்டானது. ஆறு வருஷ நாடோடி வாழ்க்கையில் கூர்மையானது. ரேடியோ அந்தக் காதுக்குத் தினசரி வேலை கொடுத்தது, அவ்வளவுதான்.

இப்போது பெயர்க் கதை. வானொலி மத்திய அரசின் உத்தியோகம். வெளியே பத்திரிகைக்கு எழுத வேண்டுமென்றால் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். தன்னோடு வேலை பார்த்த இசைக்காரர் கே. ராகவனைப் பற்றி குட்டிகிருஷ்ணனுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. விண்ணப்பம் எழுதி, மேலதிகாரி பார்த்து, டெல்லி வரை போய்த் திரும்பி வருவதற்குள் எழுதுகிற ஆசையே போய்விடுமே! ஆகவே 'உறூப்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அரபி, பாரசீகச் சொற்களோடு முடிச்சுப் போட்டு அதற்கு 'மாறாத இளமை' என்றும் 'விடியல்' என்றும் பொருள் சொல்கிறார்கள். பொன்னானிக்காரருக்கு இப்படி ஒரு சொல் அகப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. ஒளிந்துகொள்ள வைத்துக்கொண்ட பெயர், கடைசியில் சொந்தப் பெயரைத் தின்றுவிட்டது. இன்றைக்குக் கேரளத்தில் பி.சி. குட்டிகிருஷ்ணன் என்று சொன்னால் பலர் ஒரு வினாடி யோசிப்பார்கள். உறூப் என்றால் பள்ளிப்பிள்ளை கூடச் சொல்லும்.

அந்தக் கட்டுரைக்கு விஷயமான ராகவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலச்சேரிக்காரர். சென்னை வானொலியில் தம்புரா போடுகிற வேலையில் ஆரம்பித்து, டெல்லி போய், கோழிக்கோட்டில் நிலையம் திறந்ததும் வந்து சேர்ந்தவர். பி. பாஸ்கரன் கவிஞர், கம்யூனிஸ்ட்டாக இருந்து சிறைக்குப் போய் வந்தவர், அவரும் அதே நிலையத்தில். இந்த மூன்று பேரும் சேர்ந்து செய்த காரியம்தான் மலையாள சினிமாவின் போக்கையே மாற்றியது.

அதுவரை மலையாளப் படம் எப்படி இருந்தது? முதல் பேசும் படமான 'பாலன்' (1938) எடுத்தது நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். அதற்குப் பிறகும் பல வருஷம் ஹிந்தி, தமிழ் ஹிட் பாட்டுகளின் மெட்டை எடுத்து மலையாள வார்த்தையைப் போட்டு நிரப்புவதுதான் வழக்கம். 1954 இல் வந்த 'நீலக்குயில்' அதை உடைத்தது. கதை உறூபுடையது, பாட்டு பாஸ்கரன், இசை ராகவன். பாஸ்கரனும் ராமு காரியாட்டும் சேர்ந்து இயக்கினார்கள். தயாரித்தவர் டி.கே. பரீக்குட்டி. பள்ளிக்கூட வாத்தியாரான ஒரு நாயர், நீலி என்கிற தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணைக் கர்ப்பமாக்கிவிட்டு, சாதிக்குப் பயந்து கைவிடுகிறான். அவள் செத்துப்போகிறாள். குழந்தையை எடுத்து வளர்ப்பது ஊர் தபால்காரர். அந்தத் தபால்காரராக நடித்தது சாட்சாத் பாஸ்கரனேதான். மாப்பிளாப் பாட்டின் சாயலில் அமைந்த 'காயலரிகத்து' பாட்டைப் பாடியது சாட்சாத் ராகவனேதான். ஆள் பற்றாக்குறையோ என்று கேட்காதீர்கள், அதுதான் ரேடியோ நிலையத்துப் பழக்கம். வரவேண்டிய ஆள் வராவிட்டால் இருக்கிறவர் மைக் முன்னால் நின்றுவிட வேண்டியதுதான். அந்தப் படத்துக்கு ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1952 இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று வானொலியிலிருந்து அதை ஓரங்கட்டினார். ஜனங்கள் ரேடியோ சிலோனுக்குத் தாவினார்கள், அது நமக்குத் தெரிந்த கதை. சினிமாப் பாட்டுக்குப் பதிலாக மெல்லிசையை நிலையங்களே உண்டாக்க வேண்டும் என்று ஏற்பாடு. கோழிக்கோட்டில் ராகவன் போன்றவர்கள் நாட்டுப்பாட்டு, மாப்பிளாப் பாட்டு மெட்டுகளையெல்லாம் கையாண்டு பழகியது அங்கேதான். டெல்லி சினிமாவைத் துரத்திக்கொண்டிருந்தது. கோழிக்கோட்டு நிலையத்து ஆட்களோ சினிமாவுக்குப் புது உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே 1954 இல்தான் 'உம்மாச்சு' நாவலும் வந்தது. பெயர் உறூப், கதை மாப்பிளாக் குடும்பம், எழுதியவர் நாயர். உம்மாச்சு விரும்பியது மாயனை, கட்டிக்கொடுத்தது பீரானுக்கு. மாயன் பீரானைக் கொன்றுவிட்டு உம்மாச்சுவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். நம்ம சினிமா என்றால் இடைவேளை இங்கே வந்துவிடும். உறூபுக்கு இது ஆரம்பம். ரத்தம் காய்ந்த பிறகு அந்தப் பெண் எப்படி வாழ்கிறாள், முதல் புருஷனின் மகன் எப்படி வளர்கிறான், ஊர் எதைத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறது என்பதில்தான் நாவலே. யாரையும் வில்லனாக்கிவிட்டு அவர் நகர்ந்து போவதில்லை. வேற்று மதத்துக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறோம் என்கிற கூச்சமோ, 'பாருங்கள் நான் எவ்வளவு பரந்த மனசுக்காரன்' என்கிற பீற்றலோ இல்லவே இல்லை. பக்கத்து வீட்டைப் பற்றி எழுதுகிற மாதிரி எழுதுகிறார். 1958 இல் கேரள சாகித்ய அகாதெமி முதன்முதலாக விருது கொடுக்க ஆரம்பித்தபோது, நாவலுக்கு 'உம்மாச்சு'வைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்தது 'சுந்தரிகளும் சுந்தரன்மாரும்' (1958). இது பெரிய துணி. 1921 மாப்பிளாக் கலகத்தில் தொடங்கி, இரண்டாம் உலகப்போர், சுதந்திரப் போராட்டம் என்று மூன்று தலைமுறை மலபாரை விரித்துப் போடுகிறார். கலகத்தில் உயிர் தப்ப மதம் மாறியவர், நாட்டை விட்டுப் போனவர், திரும்பி வந்தவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நான் ஒரு நோட்டில் குடும்ப மரம் வரைந்து வைத்துக்கொண்டு படித்தேன். இதற்கு 1960 இல் மத்திய சாகித்ய அகாதெமி விருது. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. ஓய்வுக்கு இன்னும் பதினைந்து வருஷம்.

இந்தப் பதினைந்து வருஷம்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அம்மிணி, அணியறை என்று நாவல்கள் பிறகும் வந்தன. சிறுகதைகள் வந்தன, 'ராச்சியம்மை' தொகுதி 1969 இல் வந்தது. சினிமாவுக்கும் எழுதினார், 'உம்மாச்சு'வே 1971 இல் படமானது. ஆனால் 'சுந்தரிகள்' அளவுக்கு விரிந்த இன்னொரு நாவல் வரவில்லை. அந்த நேரமெல்லாம் எங்கே போனது என்று கேட்டால், பதில் கடற்கரை ரோட்டுக் கட்டடத்தில் இருக்கிறது. வானொலி ஒரு பசிக்கார மிருகம். காலையில் போட்டதைத் தின்றுவிட்டு சாயங்காலம் இன்னொன்று கேட்கும். நாடகம், உரைச்சித்திரம், பேச்சு, விழா நாளுக்கு விசேஷ நிகழ்ச்சி, யாரோ தலைவர் இறந்தால் அரை மணி நேரத்தில் அஞ்சலி. அந்தக் காலத்தில் நாடகங்களே நேரடி ஒலிபரப்புதான். நடிகர்கள் மைக்கைச் சுற்றி நின்று காகிதத்தைச் சத்தமில்லாமல் புரட்டிப் படிப்பார்கள். முடிந்ததும் அது இல்லாமல் போய்விடும். ஒலிநாடா வந்த பிறகும் நாடா விலை அதிகம் என்று அழித்து அழித்து மேலேயே பதிவு செய்வது நிலையங்களின் வழக்கம். ஒரு மனிதன் இருபத்தைந்து வருஷம் எழுதியதில் நம் கைக்கு வந்திருப்பது ஒளித்து வைத்து ராத்திரியில் எழுதிய பங்கு மட்டும்தான்.

திக்கோடியன் தன் சுயசரிதைக்கு வைத்த பெயர் 'அரங்கு காணாத்த நடன்'. மேடையே காணாத நடிகன். 1995 இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அந்தத் தலைப்பு திக்கோடியனுக்கு மட்டுமல்ல, அந்த நிலையத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டுக்கார அம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஊரே 'டீச்சர்' என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படியே. எனக்கு மலையாள எழுத்து சொல்லிக்கொடுத்ததும் அவர்தான், என் பெண்ணின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து. (பெண் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டாள் என்பது வீட்டில் இன்றும் ஓடுகிற கேலி.) இந்தப் பதினைந்து வருஷப் புலம்பலை அவரிடம் சொன்னேன். ஒரு நல்ல நாவலாசிரியரை ஆபீஸ் தின்றுவிட்டதே, டீச்சர்.

டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சின்ன வயதில் அவர்கள் வீட்டில் படித்தவர் அவருடைய அப்பா ஒருவர்தானாம். அம்மாவுக்கும் பாட்டிக்கும் எழுத்து தெரியாது. நாடகம் போடுகிற ராத்திரி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "அவங்களுக்கு நாவல் எதுக்கு? அவங்க படிச்சது அதுதான்" என்றார். பாட்டி ஒரு நாடகம் முடிந்ததும், அதில் வந்த மாமியாரை மறுநாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாராம். எழுதியது உறூபா, திக்கோடியனா, வேறு யாரோவா, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

நான் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆனால் உறுத்தல் முழுசாகப் போகவும் இல்லை. டீச்சரின் பாட்டிக்குக் கிடைத்தது நிஜம். நமக்குக் கிடைக்காமல் போனதும் நிஜம்.

1975 இல் ஓய்வு பெற்றதும் 'குங்குமம்' பத்திரிகை ஆசிரியராகப் போனார் (நம்ம ஊர்க் குங்குமம் இல்லை, அது மலையாளத்தில் வேறு). ஒரு வருஷத்தில் மலையாள மனோரமாவுக்கு மாறினார். கேரள சாகித்ய அகாதெமியின் தலைவராகவும் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகாவது கொஞ்சம் ஓய்ந்து உட்கார்ந்தாரா என்றால் அதுவும் இல்லை. 1979 ஜூலை 10 அன்று கோட்டயத்தில் காலமானார். வயது அறுபத்து நாலு. கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் நெடுநாள் இருந்தார்கள். பாஸ்கரன் 2007 வரை, ராகவன் 2013 வரை. 1956 இல் அங்கே சேர்ந்த அக்கித்தம் 2019 ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் பெற்று, 2020 இல் மறைந்தார். அந்தப் பட்டியலில் எனக்குத் தெரிந்து கடைசியாகப் போனவர் அவர்தான்.

2021 இல் 'ஆணும் பெண்ணும்' என்ற படத்தில் ராச்சியம்மையை வேணு ஒரு பகுதியாக எடுத்தார். ராச்சியம்மையாக நடித்தவர் பார்வதி. படம் வருவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. கன்னங்கரேல் என்று உறூப் எழுதிய பெண்ணுக்கு, நிறமான ஒரு நடிகையா என்று. சண்டையில் நியாயம் இருந்தது. நான் படத்தைப் பார்த்தேன், பார்வதி நன்றாகத்தான் செய்திருந்தார். ஆனால் எனக்குள் இருந்த ராச்சியம்மையின் தோள்கள் இன்னும் அகலம்.

கோழிக்கோட்டை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது நான் இருக்கிற ஊரில் கடல் இல்லை. மலையாளம் படிக்கிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மலையாளக் குடும்பம் கட்டாயம் இருக்கும், அது இல்லாத ஊர் இந்தியாவில் கிடையாது. அவர்கள் வீட்டுப் பிள்ளையின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் தெரிந்தவருக்கு எழுத்து பிடிபட ஒன்றிரண்டு மாதம் போதும். பிறகு 'ராச்சியம்மை'யில் ஆரம்பியுங்கள், சின்னக் கதைதான். அதற்கப்புறம் 'உம்மாச்சு'. 'சுந்தரிகளும் சுந்தரன்மாரும்' எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும்.